பதினைந்து வயது மகள் கால்பந்து நடுவராக வேண்டும் என்கிறாள்: பிரீமியர் லீக் வரையான பாதை உண்மையில் எப்படி இருக்கிறது?

குரோய்டன் செல்வம்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பள்ளி அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். முழங்காலில் தசைநார் கிழிந்ததால் நீண்ட காலம் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அப்போதுதான் பந்தை விட்டுவிட்டு நடுவரைப் பார்க்கத் தொடங்கினாள். அவர் ஏன் அங்கே நிற்கிறார், ஏன் இப்போது ஊதவில்லை என்று வீட்டில் எந்நேரமும் அதே பேச்சு. கோடை விடுமுறையில் எங்கள் கவுன்ட்டி கால்பந்துச் சங்கம் நடத்திய நடுவர் பயிற்சியை முடித்துவிட்டாள். இங்கிலாந்தில் பதினான்கு வயதிலேயே சேரலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். நான் கணக்காளர். எனக்குத் தெரிந்த தொழில்களில் எல்லாம் படிப்பு, தேர்வு, வேலை, பதவி உயர்வு என்று ஒரு வரிசை உண்டு. இதில் அப்படி ஏதாவது உண்டா? எத்தனை ஆண்டு ஆகும்? இதை நம்பி வாழ முடியுமா? அவளுக்குப் பொய்யான நம்பிக்கையும் கொடுக்கக் கூடாது, காரணமில்லாமல் தடுக்கவும் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

விசில் நாதன்

செல்வம், நான் கிழக்கு லண்டன் ஞாயிறு லீகுகளில் தொடங்கி, ஆட்டக்காரர்கள் வேறு வேலையும் பார்த்துக்கொண்டு ஆடும் அரைத்தொழில் லீகுகள் வரை ஊதியவன். இப்போது இளம் நடுவர்களை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். முதலில் ஏணியைச் சொல்கிறேன், பிறகு ஆட்கள் எந்தப் படியில் விழுகிறார்கள் என்று சொல்கிறேன். உங்கள் மகளுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஏணி இப்படி. அடிமட்ட வயதுவந்தோர் ஆட்டங்களுக்கான நிலை 7. அங்கிருந்து 6, 5 வரை உங்கள் கவுன்ட்டி சங்கத்தின் பொறுப்பு. 4, 3 ஆகியவை அரைத்தொழில் லீகுகள். 2 என்பது நேஷனல் லீக் வட்டாரம். 1 வந்தால் இங்கிலீஷ் ஃபுட்பால் லீக், அதாவது அதன் மூன்றாம், நான்காம் தளங்களான லீக் ஒன், லீக் டூ. அதற்கும் மேலே தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் இரண்டு: ஒன்று இரண்டாம் தளமான சாம்பியன்ஷிப்புக்கு, மற்றது உச்சியான பிரீமியர் லீகுக்கு. இந்தக் குழுக்களை நடத்துவது பி.ஜி.எம்.ஓ.எல். என்ற அமைப்பு. 2001இல் இங்கிலாந்து நடுவர்கள் முழுநேரத் தொழிலாளர்களானபோது அது உருவானது. பதினாறு வயது ஆகும் வரை உங்கள் மகள் இளையோர் ஆட்டங்களில் மட்டும் ஊதலாம்.

எத்தனை ஆண்டு என்று கேட்டீர்கள். ஹோவர்ட் வெப் 1989இல் தொடங்கினார், பிரீமியர் லீகில் நுழைந்தது 2003. ரெபேக்கா வெல்ச் 2010இல் தொடங்கினார், பிரீமியர் லீகில் விசில் ஊதியது 2023 டிசம்பர். மைக்கேல் ஆலிவர் பதினான்கு வயதில் தொடங்கி இருபத்தைந்தில், 2010இல், அங்கே போய்ச் சேர்ந்தார். அப்போது அதுதான் மிகக் குறைந்த வயது. அவருடைய தந்தை கிளைவும் நடுவர், அதனால் வீட்டிலேயே பாதிப் பாடம் கிடைத்துவிட்டது. மிக வேகமாக ஏறியவருக்கே பதினோரு ஆண்டு. இதை மகளிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஒவ்வொரு படியிலும் குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கை, உடற்தகுதித் தேர்வு, விதிகளில் எழுத்துத் தேர்வு, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று நான்கும் வேண்டும். விதிகள் மொத்தமே 17. இரண்டு வாரத்தில் படித்துவிடலாம். ஆளைத் தேர்ந்தெடுப்பது மதிப்பீட்டாளர் அறிக்கைதான்.

அந்த அறிக்கையில் என்ன இருக்கும் என்று ஓர் உதாரணம் தருகிறேன். செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டம், நல்ல மழை. பெனால்டி பெட்டிக்குள் ஒருவன் விழுகிறான். நடுவர் பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கிறார், பெனால்டி இல்லை என்கிறார். ஆட்டம் முடிந்ததும் நான் உடைமாற்றும் அறைக்குப் போய் ஒரு தாளில் பெட்டியை வரைந்து, அந்த நிமிடத்தில் நீ எங்கே நின்றாய், புள்ளி வை என்பேன். அவர் வைக்கும் புள்ளி இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் நேர் பின்னால் இருக்கும். தூரம் சரி, கோணம் தவறு. தடுப்பவனின் முதுகுதான் தெரியுமே தவிர, அவன் காலுக்கும் பந்துக்கும் இடையே இருக்கும் இடைவெளி தெரியாது. இடப்பக்கம் நான்கு அடி நகர்ந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். முடிவு சரியா தவறா என்பதைவிட, அந்த நான்கு அடியை அடுத்த முறை அவர் தானாக நகர்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

2010 உலகக்கோப்பை இறுதியாட்டம் நினைவிருக்கும். ஸ்பெயினின் ஷாபி அலோன்சோவின் மார்பில் நெதர்லாந்தின் டி யோங்கின் பூட்ஸ் பதிந்தது. சிவப்பு காட்ட வேண்டிய இடத்தில் நடுவர் வெப் காட்டியது மஞ்சள் அட்டை. தன் பார்வை மறைந்திருந்தது என்று அவரே பிறகு சொன்னார். உலகின் தலைசிறந்த நடுவர்களில் ஒருவர் என்று அன்று கருதப்பட்டவருக்கும் அதே நான்கு அடிப் பிரச்சினைதான்.

ஆட்கள் விழும் இடம் 7க்கும் 5க்கும் நடுவே. அங்கே உதவி நடுவர்கள் கிடையாது, பாதுகாவலர்கள் கிடையாது, சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. தனியாக நிற்க வேண்டும். திறமை இல்லாமல் விலகுகிறவர்களைவிட, திட்டு கேட்டு மனம் வெறுத்து விலகுகிறவர்களே அதிகம்.

மதுமிதா

நாதன் ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் செல்வம் கேட்ட முக்கியமான கேள்விக்குப் பதில் வரவில்லை. இதை நம்பி வாழ முடியுமா? பதினோரு ஆண்டு, பதினான்கு ஆண்டு என்கிறீர்கள். அதுவரை வீட்டு வாடகையை யார் கொடுப்பது?

விசில் நாதன்

நியாயமான கேள்வி, மதுமிதா. நிலை 1 வரை இன்னொரு வேலை இருந்தே ஆக வேண்டும். வெப் தெற்கு யார்க்‌ஷர் காவல்துறையில் சார்ஜென்ட். அந்தனி டெய்லர் சிறைக் காவலர். மார்க் கிளாட்டன்பர்க் மின்பணியாளர். சாம் அலிசன் தீயணைப்பு வீரர். வெல்ச் தேசிய சுகாதார சேவையில் நிர்வாகப் பணியில் இருந்தவர். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒன்று புரியும்: முறைப்பணி, விடுப்பு மாற்றிக்கொள்ளும் வசதி, கோபத்தோடு வரும் மனிதர்களைத் தினமும் எதிர்கொள்ளும் பழக்கம். இவை உள்ள வேலைகளிலிருந்துதான் பலரும் வருகிறார்கள்.

ஆகவே மகள் படிப்பை விடக் கூடாது. வார இறுதியிலும் செவ்வாய், புதன் மாலைகளிலும் ஆட்டத்துக்குப் போக விடும் வேலையாகப் பார்த்துக்கொள்ளட்டும். பிரீமியர் லீக் குழுவுக்குள் போய்விட்டால் ஒப்பந்தம், ஆண்டுச் சம்பளம், ஆட்டக் கட்டணம், உடற்பயிற்சி வல்லுநர், விளையாட்டு உளவியலாளர் எல்லாம் உண்டு, கௌரவமாக வாழலாம். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஏறக்குறைய இருபது பேர்.

என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். இந்த முழுநேர ஏற்பாடு உச்சியில் மட்டும் இருந்தால் போதாது, நிலை 3 வரை ஏதாவது ஒரு வடிவத்தில் இறங்கி வர வேண்டும். இரவு முறை முடித்துவிட்டு நூறு மைல் கார் ஓட்டிப் போய் ஊதுகிற ஒருவரிடமிருந்து தெளிவான முடிவை எதிர்பார்ப்பது அநியாயம்.

பவேரியா பாலா

இதில் எனக்கு உடன்பாடு இல்லை, நாதன். நான் மியூனிக்கில் இருக்கிறேன். ஜெர்மனியின் உச்ச லீகான புண்டஸ்லிகாவின் நடுவர்கள் வேறு தொழிலும் செய்துகொண்டே உலகத் தரத்துக்கு வந்தவர்கள். பெலிக்ஸ் பிரிஷ் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். டெனிஸ் அய்டெகின் சொந்தத் தொழில் நடத்துபவர். நெதர்லாந்தின் பியோன் கைப்பர்ஸ் சூப்பர்மார்க்கெட் நடத்திக்கொண்டே யூரோ 2020 இறுதியாட்டத்தில், அதுவும் வெம்ப்ளியில், இங்கிலாந்து ஆடும்போதே விசில் ஊதினார். 2002 உலகக்கோப்பை இறுதியாட்டம் ஊதிய இத்தாலியின் கொலினா நிதி ஆலோசகர்.

வேறு வருமானம் இருப்பவனுக்கு ஒரு சுதந்திரம் உண்டு. சனிக்கிழமை ஒரு தவறு செய்தால் திங்கட்கிழமை அவன் வீட்டுக் கடன் ஆட்டம் காணாது. முழுநேர நடுவருக்கு ஒரு மோசமான ஆட்டம் வாழ்வாதாரப் பிரச்சினையாகிவிடுகிறது. அந்தப் பயம் விசிலுக்குள் வந்து உட்கார்ந்தால் அவன் பெரிய அணிக்கு எதிராகத் துணிந்து ஊதுவானா?

இன்னொன்று. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் லிவர்பூல் ஆட்டம். லூயிஸ் டியாஸ் போட்ட நல்ல கோல் ஆஃப்சைடு என்று போனது. காணொளியில் முடிவுகளைச் சரிபார்க்கும் அறையில் இருந்த நடுவர் களத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டதால் திருத்த வழியில்லை. அந்த அறையில் இருந்த இருவரும் இரண்டு நாளுக்கு முன்பு ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓர் ஆட்டத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள். அவர்கள் முழுநேர நடுவர்கள்தான். முழுநேரம் அங்கே எதைக் காப்பாற்றியது?

விசில் நாதன்

பாலா, அந்த உதாரணம் என் பக்கத்துக்குத்தான் சேரும். சம்பளம் கொடுத்தால் மட்டும் முழுநேரம் ஆகிவிடாது. அவர் எப்போது தூங்குகிறார், எத்தனை விமானம் ஏறுகிறார் என்பதும் முதலாளியின் பொறுப்பில் இருக்க வேண்டும். அன்று அது இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் வெளிநாட்டு ஆட்டங்களுக்கு அனுமதி தருவதைப் பற்றி இங்கே கேள்வி எழுந்தது. களத்திலும் அறையிலும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வந்துவிடக் கூடாது என்று பேச்சு முறையையும் மாற்றினார்கள்.

சுதந்திரம் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. கைப்பர்ஸ், அய்டெகின் இருவரும் தங்கள் நேரத்துக்குத் தாங்களே முதலாளிகள். சொந்தத் தொழில் நடத்துபவரும் கடை உரிமையாளரும் வியாழக்கிழமை பிற்பகல் பயிற்சிக்குப் போகலாம். கிடங்கில் பெட்டி அடுக்குகிறவருக்கு, முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்கிறவருக்கு அது முடியுமா? பகுதிநேர நடுவர் முறை வசதியுள்ளவர்களுக்குத் தானாகவே சாதகமாகிவிடுகிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சொந்தத் தொழிலோடு வருகிறார்கள்?

உடற்தகுதித் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச நிலை ஆண்களுக்கு முதலில் 40 மீட்டர் விரைவோட்டம் ஆறு முறை, ஒவ்வொன்றும் 6 வினாடிக்குள், நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. சற்று நேரம் கழித்து இடைவெளி ஓட்டம்: 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி, 25 மீட்டரை 18 வினாடியில் நடந்து, மறுபடி ஓட வேண்டும். இப்படி நாற்பது முறை, மொத்தம் 4,000 மீட்டர். ஒலி எழும்போது ஒரு காலாவது நடைப்பகுதிக்குள் இருக்க வேண்டும். தவறினால் ஒருமுறை எச்சரிப்பார்கள், மறுமுறை தவறினால் வெளியே. முதல் பத்து முறை யாருக்கும் எளிது. இருபத்தைந்துக்கு மேல் அந்த 18 வினாடி நடை முடிவதற்குள் மூச்சு இறங்காது. முப்பதைத் தாண்டியதும் யார் வாரம் முழுக்க பயிற்சி செய்தவர், யார் வேலை முடித்து மாலையில் மட்டும் ஓடியவர் என்று ஓரத்தில் நிற்கும் எனக்குத் தெரிந்துவிடும். நாற்பது வயதுக்காரர்களும் இதையே கடக்க வேண்டும், ஒரு வயதுக்கும் சலுகை கிடையாது.

சிங்கை முத்து

நம் பெயர் ஒன்றை இங்கே பதிவு செய்யாமல் போக முடியாது. சிங்கப்பூரின் ஜார்ஜ் சுப்பையா, முழுப்பெயர் கோவிந்தசாமி சுப்பையா. 1974 உலகக்கோப்பையில் மியூனிக்கில் போலந்து, ஹைட்டி மோதிய ஆட்டத்தில் அவர்தான் நடுவர். போலந்து 7-0 என்று வென்றது. சிங்கப்பூரிலிருந்து உலகக்கோப்பைக்கு விசிலோடு போன முதல் மனிதர். அவருக்குப் பிறகு ஷம்சுல் மைதீன் 2006இல் ஜெர்மனி போனார். அணி போகாத உலகக்கோப்பைக்கு நடுவர் போகலாம். சிறிய நாட்டில் பிறந்தவனுக்கு இந்தத் தொழிலில் இருக்கும் பெரிய கதவு அது. எங்கள் தலைமுறையில் விசிலைத் தொட்டவர்கள் பலருக்கும் சுப்பையா பெயர் தெரியும், இப்போது உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோடம்பாக்கம் ரவி

முத்து ஐயா சொன்னது உண்மை. இந்தியா இதுவரை உலகக்கோப்பையில் ஆடியதில்லை. ஆனால் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக்கோப்பையில் உதவி நடுவராக இருந்தார். கோட்டோரம் கொடியோடு நின்ற முதல் இந்தியர் அவர். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி சர்வதேச நடுவர்களுக்கான ஃபிஃபா பட்டியலில் இடம்பிடித்தார். இரண்டு பேருமே நம் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டியவர்கள்.

இங்கே பாதை மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு, பிறகு அகில இந்தியக் கூட்டமைப்பின் தேர்வு என்று போகிறது. பெரும்பாலானோர் ரயில்வே, வங்கி, பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே ஊதுகிறார்கள். மே மாத வெயிலில் பிற்பகல் ஆட்டம் என்றால் இடைவேளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும் சக நடுவர்தான். ஃபிஃபா பட்டியலுக்கு நடுவருக்குக் குறைந்தபட்ச வயது 25, உதவி நடுவருக்கு 23. இருபத்தெட்டு வயதில் தொடங்குகிறவருக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். செல்வம், உங்கள் மகள் பதினைந்திலேயே தொடங்கியிருப்பதன் மதிப்பு இப்போது தெரியும்.

விதி தெரிவதற்கும் ஆட்டத்தை நடத்தத் தெரிவதற்கும் உள்ள இடைவெளிக்கு ஓர் இந்திய உதாரணம் சொல்கிறேன். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நாக்-அவுட். கூடுதல் நேரத்தில் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கைச் சட்டென்று உதைத்து கோல் போட்டார். கேரளா பிளாஸ்டர்ஸ் அணியினர் சுவர் அமைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தயாராகவில்லை என்று வாதாடி, பயிற்சியாளர் அழைக்க, மைதானத்தை விட்டே போய்விட்டார்கள். பிறகு அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. விசிலுக்காகக் காத்திரு என்று நடுவர் சைகை காட்டாதவரை, தாக்கும் அணி உடனே உதைக்கலாம் என்பதுதான் விதி. ஃப்ரீகிக் கொடுத்த முதல் மூன்று வினாடியில், வேகமாக எடுக்கிறாயா, சுவரைத் தள்ளி நிறுத்தவா என்று உதைப்பவனிடம் கேட்டு, பதிலை எல்லாருக்கும் தெரியும்படி கையால் காட்டிவிட வேண்டும். என் மாணவர்களுக்கு அந்த மூன்று வினாடியை மட்டும் ஒரு மாலை முழுவதும் பழக்குகிறேன்.

தேன்மொழி

செல்வம் அண்ணா, நான் இங்கே மிட்லண்ட்ஸ் பகுதியில் ஆண்கள் ஆட்டங்களிலும் பெண்கள் ஆட்டங்களிலும் ஊதுகிறேன். மகள் என்பதால் சில விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு இன்று இரண்டு பாதை இருக்கிறது. பெண்கள் சூப்பர் லீக் வழியாக மேலே போகலாம், அல்லது ஆண்கள் லீகுகளின் ஏணியில் ஏறலாம். இரண்டையும் ஒரே காலத்தில் செய்கிறவர்களும் உண்டு. பெண்களுக்கான உடற்தகுதித் தேர்வில் 40 மீட்டருக்கு 6.4 வினாடி, 75 மீட்டருக்கு 17 வினாடி. ஆனால் உச்ச நிலையில் ஆண்கள் ஆட்டத்தை நடத்த வேண்டும் என்றால் ஆண்களுக்கான நேரத்தில்தான் ஓடிக் காட்ட வேண்டும். பிரான்சின் ஸ்டெபனி ஃப்ராப்பார் அப்படித்தான் 2019 யூஃபா சூப்பர் கோப்பைக்கும், 2022 உலகக்கோப்பையில் கோஸ்டாரிகா ஜெர்மனி ஆட்டத்துக்கும் போனார். வெல்ச் 2021 ஏப்ரலில் ஹாரோகேட் போர்ட் வேல் ஆட்டத்தில் லீக் நடுவரானார். அதனால் மகளை இப்போதிருந்தே குறுவிரைவு ஓட்டத்தில் பழக்குங்கள். நீண்ட தூர ஓட்டம் தானாக வந்துவிடும், வேகம் பதினாறு பதினேழு வயதில்தான் உருவாகும். முழங்கால் காயம் பட்டவள் என்பதால் பிசியோவிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

நம் நிறத்தைப் பற்றி யாரும் இங்கே பேசவில்லை, நான் பேசுகிறேன். ஜர்னைல் சிங் தலைப்பாகையோடு 2004 முதல் 2010 வரை இங்கிலீஷ் லீகில் ஊதினார். அவருடைய மகன் சன்னி சிங் கில் 2024 மார்ச்சில் கிரிஸ்டல் பேலஸ் லூட்டன் ஆட்டத்தை நடத்தி, பிரீமியர் லீகின் முதல் பிரிட்டிஷ் தெற்காசிய நடுவரானார். தந்தை லீகை விட்டுப் பதினான்கு ஆண்டு கழித்து. அந்த இடைவெளி எனக்குக் கோபத்தையே தருகிறது. ஒவ்வொரு ஊரிலும் சனிக்கிழமை காலை ஆடும் ஆசியப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கோபம் புரியும்.

குரோய்டன் செல்வம்

ஒவ்வொரு பதிவையும் மகளோடு உட்கார்ந்து படித்தேன். சன்னி சிங் கில் பெயரை அவளே முன்பே தெரிந்து வைத்திருக்கிறாள்.

என் மனைவியின் கவலை வேறு. சென்ற வாரம் பக்கத்து மைதானத்தில் ஒரு சிறுவன் நடுவராக நின்றான். பதினாறு வயதுகூட இருக்காது. ஒரு தந்தை கோட்டைத் தாண்டி உள்ளே போய் அவன் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் கத்தினார். யாரும் தடுக்கவில்லை. நான் போய்த்தான் அவரை வெளியே அழைத்து வந்தேன். நாளை என் மகளுக்கு இதே நடந்தால்?

விசில் நாதன்

நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், செல்வம். மறைப்பதில் பயனில்லை.

மேல்மட்டத்திலும் இது உண்டு. ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஃப்ரிஸ்க் கொலை மிரட்டல்களால் 2005இல் விசிலையே கீழே வைத்தார். 2023 டிசம்பரில் துருக்கியில் ஹலீல் உமுட் மெலெரை ஒரு கிளப்பின் தலைவரே மைதானத்தில் இறங்கிக் குத்தினார், கீழே விழுந்தவரை உதைத்தார்கள். துருக்கியில் லீக் ஆட்டங்களையே நிறுத்தி வைத்தார்கள். மெலெர் மீண்டு வந்து யூரோ 2024இல் ஊதினார். ஆனால் அவரைச் சுற்றிக் கேமராக்களும் காவலர்களும் இருந்தார்கள், குற்றவாளி யார் என்பதில் சந்தேகம் இல்லை. பூங்கா மைதானத்தில் தனியாக நிற்கும் பிள்ளைக்கு அது எதுவும் இல்லை.

ஏற்பாடுகள் வந்துகொண்டிருக்கின்றன. எதிர்த்துப் பேசினால் பத்து நிமிடம் வெளியே உட்கார வைக்கும் விதி 2019 முதல் அடிமட்ட ஆட்டங்களில் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. நடுவர் மார்பில் கேமரா பொருத்தும் சோதனையை 2023 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோ பகுதியில் தொடங்கி, பிறகு லிவர்பூல், வூஸ்டர், எசெக்ஸ் பகுதிகளுக்கும் கொண்டுபோனார்கள். சில கவுன்ட்டிகளில் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள நடுவர்கள் தனி நிறப் பட்டை அணிகிறார்கள், இவர் சிறுவர் என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்பதற்காக.

ஆனால் நீங்கள் அன்று செய்ததை எந்தக் கேமராவும் செய்யாது. கோட்டோரம் நிற்கும் பெரியவர்களில் ஒருவர் வாய் திறந்தால் போதும். நான் மதிப்பீட்டாளராகப் போகும் இளையோர் ஆட்டங்களில் இரண்டு அணிப் பயிற்சியாளர்களையும் முதலிலேயே அழைத்து, உங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லிவிடுகிறேன். இதை ஒவ்வொரு லீகும் கட்டாயமாக்க வேண்டும். அதைச் செய்யாமல், நல்ல நடுவர்கள் கிடைப்பதில்லை என்று தொலைக்காட்சியில் புலம்புவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. இந்தப் பிள்ளைகளிலிருந்துதானே அவர்கள் வர வேண்டும்?

தேன்மொழி

நாதன் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திட்டு வாங்கிய அன்றே அறிக்கை எழுதி அனுப்பப் பழக்குங்கள். இரவு தூங்கி எழுந்து எழுதலாம் என்றால் மனம் அதைச் சின்ன விஷயம் என்று சொல்லத் தொடங்கும். யார், எந்த நிமிடம், என்ன சொன்னார் என்று சொன்ன சொல்லையே எழுத வேண்டும். மோசமாகப் பேசினார் என்று எழுதினால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவால் ஒன்றும் செய்ய முடியாது. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் அப்படியே எழுத வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது கூச்சமாக இருக்கும். முதல் இரண்டு மூன்று முறை நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், எழுதுவது அவளாகவே இருக்கட்டும்.

பவேரியா பாலா

முழுநேரம், பகுதிநேரம் என்று நாதனோடு இன்னும் நாள்கணக்கில் வாதாடுவேன். ஆனால் கீழ்மட்டத்தில் பணமும் பாதுகாப்பும் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. ஜெர்மனியிலும் சனி, ஞாயிறு சிறார் ஆட்டங்களில் இதே கதைதான். செல்வம், மகள் எந்த நாட்டுக்குப் போனாலும் விசில் கூடவே வரும். படிக்க மியூனிக் வந்தால் இங்குள்ள மாவட்டச் சங்கத்தில் நானே சேர்த்துவிடுகிறேன்.

குரோய்டன் செல்வம்

நன்றி பாலா. முடிவு எடுத்துவிட்டோம். ஏ லெவல் (பள்ளி மேல்நிலை) வரை படிப்பு தொடரும், அதில் உடற்பயிற்சிக் கல்வியும் ஒரு பாடம். இரண்டு ஆண்டு இளையோர் லீகில் ஊதட்டும். பதினேழு வயதில் நிலை 6க்கு விண்ணப்பிப்பதா என்று அப்போது அவளே சொல்லட்டும். மனைவியும் சம்மதித்துவிட்டாள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நானோ அவளோ உடன் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வரும் ஞாயிறு காலை பத்தரைக்கு முதல் ஆட்டம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள், அணிக்கு ஒன்பது பேர். பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

தேன்மொழி

விசில் இரண்டு, கைக்கடிகாரம் இரண்டு. ஒன்றை ஓடவிட்டு நிறுத்தாமல் வைக்க வேண்டும், மற்றதைக் காயத்துக்காக ஆட்டம் நிற்கும்போது நிறுத்தலாம். மஞ்சள் அட்டை மார்புப் பையில், சிவப்பு பின்பக்கப் பையில்: அவசரத்தில் கை தவறி மாறி எடுக்காமல் இருக்க. பேனா வேண்டாம், பென்சில். மழையில் பேனா எழுதாது. டாஸுக்கு ஒரு நாணயம். கொஞ்சம் பெரிய கையுறை, குளிரில் விரல் விறைத்தால் குறிப்பு எழுத முடியாது.

நாற்பத்தைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். மைதானத்தை ஒருமுறை சுற்றி நடக்கட்டும்: வலையில் ஓட்டை, கோல் கம்பம் தரையில் உறுதியாக நிற்கிறதா, புல்லில் கண்ணாடித் துண்டு. ஒன்பது பேர் ஆட்டத்தில் ஆஃப்சைடு உண்டு, உதவி நடுவர் இருக்க மாட்டார். அதனால் கடைசித் தடுப்பாட்டக்காரரின் வரிசைக்குச் சற்று பக்கவாட்டில் ஓடப் பழக வேண்டும். எல்லாவற்றையும் சரியாகப் பிடிக்க முடியாது, முதல் நாளில் யாராலும் முடியாது.

நீங்கள் எதிர்ப்பக்கக் கோட்டோரம், அணிப் பெற்றோரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். இடைவேளையில் அவளாக வந்தால் தண்ணீர் மட்டும் கொடுங்கள், ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

விசில் நாதன்

எந்த மைதானம் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள், செல்வம். அன்று காலை எனக்கு ஆட்டம் இல்லை. வந்து பார்த்து, முதல் பாதியில் அவள் நின்ற இடங்களை மட்டும் குறித்துத் தருகிறேன். மதிப்பெண் எதுவும் போட மாட்டேன்.